மூடி தானாகக் கழன்றது

எம். புதுப்பட்டி,
புதன்கிழமை இரவு.

அன்புள்ள செல்வக்குமார் அண்ணனுக்கு, அம்மா மாடத்தி சொல்லச் சொல்லித் தங்கை பாண்டிச்செல்வி எழுதுவது.

அம்மா, அப்பா, நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம், யார் உடம்பிலும் தீக்காயம் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடு என்று அம்மா சொன்னாள். நம் வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் வருவது இதுதான் முதல் தடவை, உறையைப் பார்த்ததுமே நீ பதறிப்போவாய் என்று அவளுக்குத் தெரியும். நீ நன்றாக இருக்கிறாயா, அந்த இருமல் நின்றதா, அறையில் உன்னோடு இருக்கும் பையன்கள் ஒழுங்காகப் பொங்கித் தின்கிறார்களா என்று கேட்கிறாள். உயரத்தில் பைப் மாட்டும்போது மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இடுப்பில் பெல்ட் போடாமல் ஏறக் கூடாதாம். இனி நான் எழுதுவதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவின் போனுக்குக் கூப்பிடுவதற்குள் படித்துவிட வேண்டும், அதற்காகத்தான் நாளை காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் ஸ்பீடு போஸ்டில் போடப் போகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான், அதையும் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவிடுவார். பக்கத்து வீட்டில் போன் வாங்கினால் அவர்கள் நகராமல் நின்று கேட்பார்கள். இது யார் காதிலும் விழக்கூடாத விஷயம். அப்பா மொட்டை மாடியில் படுத்திருக்கிறார், நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். படியில் சத்தம் கேட்டால் அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துவிடுவேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

நீ சென்னைக்குப் போன பிறகு பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டோம், ஆடு வாங்கப் போகிறோம் என்று அப்பா உன்னிடம் சொன்னார் அல்லவா, நானும் ஆமாம் என்றேன். ஆடு எதுவும் இல்லை அண்ணே. அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்குச் சீல் வைத்ததிலிருந்து ஒரு ஏஜெண்ட் வெடிமருந்தையும் பேப்பர்க் குழாயையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். அப்பாவும் அம்மாவும் கொட்டகைக்குள் உட்கார்ந்து அடைக்கிறார்கள், வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. என்னை அம்மா கொட்டகைத் தட்டிக் கதவுக்கு உள்ளே விட்டதே இல்லை, காப்பி கொண்டுபோனால்கூட வெளியே வைத்துவிட்டுப் போ என்பாள். உனக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவாய் என்றுதான் மறைத்தார்கள். அந்தக் கொட்டகை எங்கே நிற்கிறது தெரியுமா, மாடித் தொட்டியிலிருந்து பின்பக்கக் குளியலறைக்கு மண்ணைத் தோண்டி நீ பைப் போட்டாயே, அந்த லைனுக்கு மேலேயே நிற்கிறது. அம்மாவுக்குத் துவைக்கிற கல் பக்கத்தில் பின்னால் ஒரு குழாய் வைத்துத் தருகிறேன் என்று நடுவில் லைன் பிரிவதற்கு ஒரு டீ ஜாயிண்ட் போட்டு, தரைக்கு மேலே ஒரு துண்டுப் பைப்பை நிறுத்தி மூடி போட்டுவிட்டுப் போனாயே, அது இப்போது கொட்டகைக்குள் ஒரு மூலையில் நிற்கிறது. சுற்றிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அதற்கு ஒட்டினாற்போலத்தான் கொட்டகையின் இரும்புக் காலை அடித்து இறக்கியிருக்கிறார்கள்.

சில வாரமாகத் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாமல் நாங்கள் பிடித்து வைப்பது உனக்குத் தெரியும். சாயங்காலம் மோட்டார் போட்டு நிரப்பினால் காலையில் அடியில் வண்டல்தான் இருக்கும். முதலில் அப்பா நான் குழாயைச் சரியாகத் திருகவில்லை என்று திட்டினார், பிறகு அம்மாவைத் திட்டினார். அய்யம்மாள் அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன மதினி, ராத்திரியோட ராத்திரியா ஊருக்கே தண்ணி பாய்ச்சுறீகளா, ஒங்க மோட்டார் சத்தத்துல எங் கோழி அடைக்கு உக்கார மாட்டேங்குது" என்று சிரித்தாள். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டுத் தொட்டியில் கரியால் ஒரு கோடு போட்டார், காலையில் தண்ணீர் கோட்டுக்கு வெகுகீழே இருந்தது. அடுத்து தொட்டிக்குக் கீழே உள்ள வால்வை அடைத்துப் பார்த்தார், தண்ணீர் கோட்டிலேயே நின்றது. தொட்டியில் ஓட்டை இல்லை, மண்ணுக்குள் போகிற லைனில்தான் எங்கோ ஒழுகுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லிவிட்டேன், அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே புரிந்துவிட்டது. வெளியாள் யாரையும் பின்பக்கம் விட முடியாது. அவரே மண்வெட்டியோடு இறங்கி, முற்றத்திலிருந்து லைன் போகிற வழியெல்லாம் தோண்டிக்கொண்டே போனார். கரிசல் மண் கொட்டகை ஓரம் வரைக்கும் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. கொட்டகை ஓரத்தில் வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகைக்குள் தரை ஈரமாக இருப்பது இருவருக்குமே முன்பே தெரியும் அண்ணே, அதுதான் கொடுமை. நீயும் கொஞ்ச நாள் கம்பெனிக்குப் போனவன். வெயில் நேரத்தில் மருந்து அறைத் தரையில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள், தரை காய்ந்தால்தான் பயப்படுவார்கள். அந்தப் பழக்கத்தில் அம்மா தெளித்திருக்கிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார், அப்பா தெளித்திருக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. உள்ளே மூத்திர நாற்றம் மாதிரி ஒன்று மூக்கில் ஏறியது, அதற்கும் அய்யம்மாள் அத்தையின் பூனைதான் காரணம் என்று அப்பா கல்லை விட்டு எறிந்தார். அத்தை விடுவாளா, "எம் பூன மூத்திரம் பேயணும்னா ஒங்க கொட்டகைக்குத்தேன் வரணுமா, அது என்ன அரண்மனையா" என்று தெருவில் நின்று கத்தினாள். தெளித்த தண்ணீர் மேலேதான் கிடக்கும், வெயில் ஏறினால் காய்ந்துவிடும். இது அடியிலிருந்து சிமெண்ட் வழியாக ஏறி, சாக்குக்குள் போய், மருந்துப் பைகளுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் கொஞ்சமாக ஈரம் பட்டால் அது தனக்குள்ளேயே சூடாகும், அந்த நாற்றமும் அதனால்தான் வரும் என்று அம்மா இன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள்.

இன்று காலை என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்றாள். ஒழுகுகிற இடத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும், அம்மாவுக்குக் கம்பெனியில் நடந்த அந்தப் பழைய விபத்தில் போன இடது காது மட்டுமல்ல, இப்போது வலது காதும் மந்தமாகிவிட்டது, அவள் அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அப்பா இத்தனை வருடம் வெடிச் சத்தத்திலேயே இருந்தவர். என் கொலுசு, ஹேர்பின், தாவணியில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொன்னாள். உள்ளே இரும்பு ஆகாது என்று மோர் கடைகிற மர மத்தைக் கையில் கொடுத்தாள். எதிர்த்தாற்போல ஓடுகிற பேப்பர் கட்டிங் மிஷினை டீக்கு நிறுத்தி இரைச்சல் அடங்குகிற நேரம் பார்த்துத் தட்டியைத் திறந்தாள். மத்தின் தலையைத் தரையில் ஊன்றி, கைப்பிடி நுனியில் காதை வைத்துக்கொண்டு நான் தவழ்ந்து தவழ்ந்து போனேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. குளியலறைப் பக்கச் சுவரில் ஒன்றுமில்லை. மூலைக்குப் போகப் போக மெல்லிசாக ஒரு இரைச்சல் வந்தது, இரும்புக் கால் பக்கத்தில் வைத்ததும் ஸ்ஸ் என்று நன்றாகக் கேட்டது. அண்ணே, திரி பற்றியதும் ஒரு சத்தம் வருமே, அதே மாதிரி இருந்தது. மத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கையால் இடத்தைக் காட்டினேன். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான் மருந்துப் பைகளை அடுக்கியிருந்தார்கள். அம்மா குனிந்து அடிப் பைக்குக் கீழே கையை நுழைத்தாள். சட்டென்று உருவிக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பாவிடம், "அடி மூட்ட சுடுதுங்க" என்றாள். "தகரத்து வெக்க அது" என்றார். "தகரம் மேல இருக்கு, சூடு கீழ இருக்கு, வந்து கைய வச்சுப் பாருங்க" என்றாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மாறிவிட்டது, ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் உன்னால் என்று தொடங்கினார். "லைன் போட்டவன் ஒழுங்காப் போட்டிருந்தா ஏன் ஒழுகுது, பெரிய பிளம்பரு, சென்னையில போயி மாடி மாடியாக் கிழிக்கிறானாம்" என்றார். இரும்புக் காலை அடித்து இறக்கும்போதுதான் பைப் விரிசல் விட்டிருக்கும், சத்தம் சரியாக அங்கேதான் கேட்கிறது என்று நான் சொல்ல வாய் திறந்தேன், அம்மா என் காலை மிதித்தாள். பிறகு அப்பா கடப்பாரையை எடுத்தார், தரையை உடைத்துப் பைப்பைப் பார்க்கிறேன் என்று. பைகளை எடுக்காமலே. சிமெண்டில் இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று அவருக்குத் தெரியாதா, அவர்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா தட்டிக்குக் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். "கடப்பாரையோட உள்ள போறதுன்னா என்னைய மிதிச்சுக்கிட்டுப் போங்க" என்றாள். அப்பா கடப்பாரையைச் சுவரில் சாத்தினார், வால்வை மட்டும் போய் அடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பையைப் பிரிச்சு மொட்டமாடில விரிச்சிருவம், நாளைக்கு ஒரு வெயிலு போதும், சனிக்கெழம வண்டி வந்துரும்" என்றார். "நனஞ்ச மருந்தக் காயப்போட்டு எத்தன வீடு போயிருக்கு, நீங்க பாக்காததா" என்று அம்மா கேட்டாள். "அப்ப நீ போயி ஏஜெண்டுகிட்டச் சொல்லு, ஒம் மருந்து மண்ணாப் போச்சுன்னு, போ, போயிச் சொல்லிட்டு வா" என்று கத்திவிட்டு, விரிக்கத் தார்ப்பாய் வாங்கி வர வண்டியை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போய்விட்டார்.

அவர் தெரு திரும்புகிற வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம் மோட்டாரைப் போடு என்றாள். தொட்டி நிரம்பி வழிகிற வரை ஓடியது. "அரகொறையா நனஞ்சாத்தேன் சூடு ஏறும், மொத்தமா முங்கிருச்சுன்னா அவிஞ்சு போயிரும், கம்பெனில கழிவு மருந்தத் தொட்டித் தண்ணிலதான போடுவம்" என்று எனக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டாள். "நீ அய்யம்மா வீட்டு முக்குல போயி நில்லு, அவளையும் வெளிய கூட்டிட்டு வந்து பேச்சுக் குடு, நான் கூப்பிட்டாத்தேன் வரணும், என்ன சத்தம் கேட்டாலும் நான் கூப்பிடாம வரக் கூடாது" என்றாள். நான் அழுதேன். அவள் அதட்டவில்லை, என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். நான் போய் அத்தையைக் கூப்பிட்டு, பூனைக்கு எத்தனை குட்டி என்று கேட்டேன். "கல்லெறிஞ்ச வீட்டுப் பிள்ளைக்குக் குட்டி வேணுமாக்கும்" என்று அவள் தொடங்கி, எது பெட்டை, எது கடுவன், எதற்கு நெற்றியில் பொட்டு என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே கொட்டகைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்றே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நம் வீட்டுச் சாக்கடையில் தண்ணீர் வந்தது. வெள்ளியை உருக்கி ஊற்றியது மாதிரி மினுமினுவென்று வந்தது. அத்தை பேச்சை நிறுத்திவிட்டு, "என்னளா இது, தண்ணி இப்படி மினுங்குது" என்றாள். "எங்கம்மா அலுமினியச் சட்டி வெளக்குது அத்தை" என்றேன். "அதுக்குன்னு சட்டியே கரையுற மாதிரியா வெளக்குவா" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், கடவுள் புண்ணியம்.

அம்மா கூப்பிட்டபோது போய்ப் பார்த்தேன். இடுப்பு வரை நனைந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வால்வு அடைத்திருக்கும்போதே நீ போட்ட மூடியைத் திருகிக் கழற்றிவிட்டு, மாடியில் போய் வால்வை முழுதாகத் திறந்திருக்கிறாள். தொட்டித் தண்ணீர் அத்தனையும் கொட்டகைக்குள் கொட்டியது, அது போதாதென்று வாளி வாளியாக மொண்டு பைகளின் மேலே ஊற்றியிருக்கிறாள். அடிப் பையில் ஊற்றும்போது புஸ் என்று ஆவி கிளம்பியதாம், கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாளாம். இரண்டு கையிலும் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நான் மஞ்சள் அரைத்துப் போடப் போனேன், அப்பா பார்ப்பார் என்று வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்பா தார்ப்பாயோடு வந்தார். அம்மா, "சோறு பொங்கத் தண்ணி வேணும்னு வால்வத் தெறந்தேங்க, சடார்னு அந்த மூடி கழண்டு அடிச்சிருச்சு" என்றாள். அவர் உள்ளே போய்க் கணுக்கால் தண்ணீரில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீருக்குள் துழாவி மூடியை எடுத்தார். வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரை தேயல, விரிசலும் இல்ல, இது எப்படித் தானாக் கழலும்" என்றார். அம்மாவின் கையைப் பார்த்தார், அவள் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். என்னைக் கேட்டார், நான் அத்தை வீட்டில் பூனைக்குட்டி பார்க்கப் போயிருந்தேன் என்றேன். "எவளாவது கை வச்சிருந்தா அந்தக் கை இனிமே இந்த வீட்டுல சோறு பொங்காது" என்றார். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம போட்டவன்கிட்டயே கேப்பம், என்ன சொல்லுதான்னு பாப்பம்" என்றார். சாயங்காலம் ஏஜெண்டிடம் போனில் பேசினார். ஏஜெண்ட் கத்திய சத்தம் எனக்கே கேட்டது. கடைசியில், லைனைச் சரிபண்ணிவிட்டுச் சொல், வேறு மூட்டை இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் கேட்பார். நீ எப்போதும்போல, நான் போட்டது ஆயுசுக்கும் அசையாது என்று சொல்லிவிட்டால் அம்மா மாட்டிக்கொள்வாள். அதனால் நீ இப்படிச் சொல்ல வேண்டும்: அது பின்னால் குழாய் வைப்பதற்காகத் தற்காலிகமாகப் போட்டது, மரையில் டேப்கூடச் சுற்றவில்லை, கையால் லேசாகத் திருகி வைத்தேன், தண்ணீர் வேகத்தில் கழன்றிருக்கும், தப்பு என்னுடையதுதான். அவர் உன்னைக் கண்டபடி பேசுவார், ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். நீ ஒன்றுக்கும் பதில் பேசக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த லைன் முழுதுமே மோசம், தரையை வேறு யாரும் உடைக்கக் கூடாது, நானே லீவு போட்டு வந்து மாற்றுகிறேன், அதுவரை கொட்டகையில் ஒன்றும் வைக்காதீர்கள் என்று சொல். என்ன வைத்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியாத மாதிரியே சொல், ஆடு என்றே சொல். நீ வருகிற வரைக்குமாவது வேறு மூட்டை இறங்காது. வந்த பிறகு அப்பாவிடம் என்ன பேச வேண்டுமோ நேரில் பேசிக்கொள்.

அம்மா இதைச் சொல்லும்போதுதான் அழுதாள், கொட்டகையிலிருந்து வந்தபோதுகூட அழவில்லை. தன் தொழிலில் குறை சொன்னால் உனக்குப் பொறுக்காது, அதை உன் வாயாலேயே சொல்லச் சொல்கிறேனே என்று அழுதாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எம் மகன் போட்ட மூடி லேசுல வந்துச்சுன்னு நெனச்சிராதடா. சேலைய மடிச்சுச் சுத்திப் பிடிச்சேன், அசையல. மொழங்கால ஊண்டிக்கிட்டுப் பிடிச்சேன், அசையல. தோலு உரிஞ்ச பெறகுதேன் ஒரு நூலு நகந்துச்சு. அம்புட்டு நல்லாப் போட்டிருந்த. அது எனக்குத் தெரியும், இந்த ஒரு ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் நீ மோசமாப் போட்டேன்னு சொல்லிருய்யா."

காலா காலத்தில் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. காளியாத்தா உன்னைக் காப்பாள் என்று அம்மா உனக்கு விபூதி மடித்துக் கொடுத்திருக்கிறாள், உறைக்குள் இருக்கிறது. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறந்துவிடாதே, நீ கூப்பிடாவிட்டால் அப்பா தானே கூப்பிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா மாடத்தி,
அவள் சொல்ல எழுதிய தங்கை பாண்டிச்செல்வி.